பின்வேலி

விடியற்காலை நாலரை மணிக்குப் பண்ணை லாரி வந்து நின்றதும் மாகோசா செய்கிற முதல் வேலை, ஒரு கதிரை உரித்து, நகத்தால் ஒரு மணியைக் கிள்ளி, முகத்தைச் சுளிப்பது. பால் பீறிட்டு அவள் கண்ணிலேயே அடித்தாலும் சுளிப்பாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற இருபத்தொரு பெண்களும் கதிரைப் பார்க்காமலே சுளிப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து வார்விக் சந்தையில் வேகவைத்த மக்காச்சோளம் விற்கிறவர்களுக்கு முகம்தான் முதலீடு.

“இது கதிரா, கிழவன் பல்லா? பாதி விழுந்துபோச்சு” என்றாள் மாகோசா.

“மே மாசத்துல கதிர் கிடைக்கிறதே பெரிசு மா” என்றான் லாரிக்காரன்.

“அப்ப உன் வீட்டுல வச்சுக் கும்பிடு.”

மூட்டைக்கு இருபது ராண்ட் குறைந்தது. பீப்பாய்களுக்கு அடியில் விறகு பற்றியது. தோலோடு அடுக்கிய கதிர்களுக்கு மேல் தண்ணீரும் உப்பும் ஊற்றி, கோணிச்சாக்கைப் போட்டு மூடினார்கள். அது வேகும் வரைக்கும்தான் இந்தப் பெண்களுக்கு உட்காரும் நேரம்.

அந்த நேரத்தைப் பார்த்துத்தான் மாசிபியா வாயைத் திறந்தாள். சிபியா குலத்துப் பெண், சித்தோலே வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், நாற்பத்தாறு வயது. பெரிய கடையொன்றிலிருந்து எப்போதோ வழிதவறி வந்து சேர்ந்த ஒரு தள்ளுவண்டியில் எண்பது கிலோ பீப்பாயை ஏற்றி, பாலத்து மேட்டில் தினமும் ஆறு நடை தள்ளுகிறவள். அந்தக் கால்களை நம்பி அவள் இரண்டு வருஷமாகப் பெரிய ஓட்டத்தில் ஓடியிருந்தாள். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரைக்கும் தொண்ணூறு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள். இரண்டு வருஷமும் முடித்தாள். இரண்டு வருஷமும் சந்தை அவள்மேல் பந்தயம் கட்டியது.

“இந்தத் தடவ நான் காசுக்கு ஓடுறேன்” என்றாள்.

“இதுவரைக்கும் கிறுக்குக்கு ஓடின. பரவாயில்ல, தேறிட்ட.”

“எனக்கில்ல. ஓட்டக் கிளப்புல எல்லாரும் ஏதாவதொண்ணுக்குக் காசு பிரிக்கிறாங்க. ஒருத்தர் கண்ணாஸ்பத்திரிக்கு, ஒருத்தர் நாய்க்கு.”

“நாய்க்கா!”

“நான் ஏப்ரல் கலவரத்துல வீட்ட விட்டு ஓடிவந்து மைதானத்துக் கூடாரத்துல இருக்கிறவங்களுக்குப் பிரிக்கிறேன். ஜூன் கடைசியில கூடாரத்தப் பிரிச்சிடுவாங்களாம். முன்பணம் கட்டி ரூம் பிடிச்சவங்க இருக்கலாம், மூணு குடும்பத்துக்காவது கட்டணும். மத்தவங்கள பஸ்ல ஏத்தி எல்லைக்கு அனுப்பிடுவாங்க.”

மாகோசா ஒரு விறகைப் பீப்பாய்க்கு அடியில் தள்ளினாள்.

“வந்தேறிக்கா?” என்றாள் மாகோசா. “கேக்குறது நீயா? உன் வீட்டுல இருந்த காங்கோக்காரிய நீதானே துரத்தின? தெருவே நின்னு கை தட்டுச்சாமே. நாங்க அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கோம்.”

மாசிபியா சாக்கை விலக்கி, இன்னும் வேகாத கதிரை வெந்துவிட்டதா என்று பார்த்தாள்.

“நாங்க குடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா எங்க தெருவுல தலை காட்ட முடியாது” என்றாள் ஒருத்தி, கொஞ்சம் தயங்கி. அந்தத் தயக்கத்தில்தான் மாசிபியா கால் வைத்தாள். பேரம் படிய வேண்டிய ஆள் யார் என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

“குடுக்க வேணாம். தோத்துப்போங்க.”

“என்ன?”

“பந்தயம். பன்னிரண்டு மணி நேரம் முடிஞ்சு துப்பாக்கி வெடிக்கிறதுக்குள்ள நான் கோட்டைத் தாண்டினா, ஆளுக்கு ஒரு நாள் வியாபாரம் எனக்கு. அதை நான் கூடாரத்துக்குக் குடுப்பனோ, நாய்க்குக் குடுப்பனோ, உங்களுக்கென்ன?”

“தாண்டலைன்னா?”

“ஒரு மாசம் உங்க எல்லார் பீப்பாயையும் மேட்டுல நான் தள்ளுறேன்.”

இருபத்தொரு பேருக்கும் கண் விரிந்தது. சோளக்காரியிடம் நன்கொடை கேட்டால் ஏழு தலைமுறைக் கஷ்டத்தையும் எடுத்து விரிப்பாள். பந்தயத்தில் தோற்றுக் கொடுப்பது கௌரவமான செலவு. யாரிடமும் ஒளிக்க வேண்டியதில்லை. அதோடு, ஜெயித்துவிட்டால் ஒரு மாதம் மேட்டுக்கு ஆள் இலவசம்.

“வழக்கப்படிதானே?” என்று கேட்டாள் மாகோசா. சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்தில் ஜெயித்தவள் தோற்றவளுக்கு விருந்து வைக்க வேண்டும். அதில் கஞ்சத்தனம் செய்தவளை அடுத்த பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள்.

“வழக்கப்படிதான்.”

கை அடித்துக்கொண்டார்கள்.

ஃபெஸா என்ற அந்தக் காங்கோக்காரி மாசிபியாவின் கொல்லைப்புற அறைக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கூடவே மூன்று பிள்ளைகள், ஒரு தையல் மிஷின். அறையைக் காட்டிய அன்று மாசிபியா வாடகை தொள்ளாயிரம் என்றாள். எழுநூறுக்குப் படியும் என்பது அவள் கணக்கு. ஃபெஸா ஒரு வார்த்தை பேசாமல் தொள்ளாயிரத்தை எடுத்து வைத்தாள். சோளம் வாங்கும்போதும் அப்படித்தான், தண்ணீர்க் காசிலும் அப்படித்தான். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவாள். பேரம் பேசாதவர்களைக் கண்டால் மாசிபியாவுக்குக் கொஞ்சம் பயம். நாளைக்கும் இங்கேயே இருக்கப்போகிறவர்கள்தான் விலையில் சண்டை போடுவார்கள் என்று பார்த்துப் பழகியவள் அவள்.

ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம், வந்தேறிகளின் கடைகளை உடைத்துக்கொண்டு வந்த கூட்டம் தெருமுனை திரும்பியது. கணவன் வேன் டாக்சி ஓட்டப் போயிருந்தான். மாசிபியா கொல்லைக்கு ஓடி ஃபெஸாவையும் பிள்ளைகளையும் பின்வேலி முள்கம்பிக்கு இடையில் தள்ளினாள். கடைசியாக நுழைந்த ஃபெஸாவின் சிவப்புப் பாவாடை கம்பியில் மாட்டிக்கொண்டது; இழுத்ததில் கிழிந்தது. அதற்குள் முன்வாசலில் ஆட்கள். கையில் தடிகள்.

“எங்க அவ?”

மாசிபியா இடுப்பில் கையை வைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “நானே துரத்திட்டேன்! அந்தப் பீடை இனிமே என் வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்!”

கூட்டம் கை தட்டியது. ஒருவன் விசில் அடித்தான். அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள் ஃபெஸா எவ்வளவு நேரம் படுத்திருந்தாள், எது அவள் காதில் விழுந்தது என்பது மாசிபியாவுக்குத் தெரியாது. தையல் மிஷினை எடுத்துப்போகக்கூட அவள் ஆள் அனுப்பவில்லை. சிவப்புத் துணித் துண்டு மட்டும் கம்பியில் கிடந்து மழையில் நிறம் வெளுத்துக்கொண்டிருந்தது.

“பந்தயத்தை விட்டுடு” என்றான் அவள் கணவன், சாப்பிடும்போது. உதிரியாகக் கிளறிய சோளமாவின்மேல் புளித்த பாலை ஊற்றிக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். பெயர் பெக்கானி. சித்தோலேக்காரர்களைக் குலப்பெயரால் ஜோபே என்று கூப்பிடுவதுதான் மரியாதை. மனைவி கோபத்திலும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“கை அடிச்சாச்சு ஜோபே.”

“ஸ்டாண்டுல பேசுறானுங்க. ‘உன் பொண்டாட்டி வந்தேறிக்காக ஓடுறாளாமே, வண்டிக் கண்ணாடி பத்திரம்’னு. வண்டிக்கு இன்னும் ரெண்டு வருஷத் தவணை பாக்கி.”

“அன்னிக்குக் கை தட்டினவனுங்கதானே?”

“அவனுங்கதான்.”

“அன்னிக்கு நான் சொன்னது பொய்னு அவனுங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?”

“சொல்லாத.” கரண்டி நின்றது. “பொய்தானே சொன்ன, அவ உயிர் பிழைச்சுது. அதை எதுக்குப் போட்டு நோண்டுற?”

“கை தட்டினப்ப எனக்கு நல்லா இருந்துச்சு ஜோபே.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஒரு நிமிஷம்தான். ஆனா நல்லா இருந்துச்சு.”

அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டு, தானே கழுவி வைத்தான். கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்தில் அது மூன்றாவது தடவை.

ஓட்டத்தன்று அவனே அவளை மாரிட்ஸ்பர்க்குக்கு ஓட்டிக்கொண்டு போனான். கிளப் ஆட்கள் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு அத்தனை பேரிடமும் டிக்கெட் காசு வாங்கினான். “பொண்டாட்டி மட்டும் சும்மா. அவ தோத்தா அவகிட்டயும் வாங்குவேன்” என்றான். இறக்கிவிட்டுப் போகும்போது, ஒரு பழைய போர்வையை அவள் தோளில் போட்டான். ஜூன் மாதக் குளிர் எலும்பைத் தேடியது.

ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கியில் சேவல் கூவியது, துப்பாக்கி வெடித்தது. ஆயிரக்கணக்கான ஜோடிக் கால்கள் அசைந்தன.

இந்த ஓட்டத்தில் பஸ் என்றால் அதற்குச் சக்கரம் கிடையாது. நேரம் எழுதிய கொடியை ஒருவன் முன்னால் பிடித்துக்கொண்டு ஓட, அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிற கும்பல்தான் பஸ். மாசிபியா ஏறியது பன்னிரண்டு மணி பஸ். அதை ஓட்டியவர் டுமிசானி, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். வேகத்தையும் கடிதம் மாதிரியே பிரித்துக் கொடுப்பார்.

“மூணு விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை! அழறவங்க நடக்கும்போது அழுங்க, ஓடும்போது மூச்சு வேணும்!”

மேடுகளில் பஸ் பாடியது. இறக்கங்களில் திட்டியது. சாலையோரம் ஆட்கள் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டு, ஓடுகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். மாசிபியா தண்ணீர்ப் பையைப் பல்லால் கடித்துத் தலையில் பாதி, வாயில் பாதி ஊற்றினாள். அறுபதாவது கிலோமீட்டரில் இடது கால் பெருவிரல் நகம் போய்விட்டது தெரிந்தது. நீண்ட இறக்கத்தில் தொடை இரண்டும் பச்சைக் கதிரை உரிப்பதுபோலக் கிழிந்தன. பீப்பாய் தள்ளுவதாக நினைத்துக்கொண்டாள். பாலத்து மேடு, ஆறாவது நடை, வீட்டுக்குப் போகும் நடை.

“எட்டு கிலோமீட்டர் பாக்கி!” என்றார் டுமிசானி. “மூணு நிமிஷம் கையில இருக்கு! யாரும் அதை வழியில செலவழிச்சுடாதீங்க!”

அந்த இடத்தில்தான், மேம்பாலத்துக்குக் கீழே, கூடாரத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர், ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குப் பக்கத்தில் ஃபெஸா. கையில் உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு.

“எடுத்துக்க சிசி” என்று நீட்டினாள். வாடகை கொடுக்கும்போதும் அப்படித்தான் அக்கா என்று கூப்பிட்டு நீட்டுவாள்.

மாசிபியா எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். இரண்டு அடி ஓடவும் செய்தாள். பிறகு நின்றாள். எண்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய காலை நிறுத்துவது என்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம். முழங்கால் கேள்வி கேட்டது.

“என்ன மா, வண்டி போகுது!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்திக்கொண்டே தாண்டினான்.

அவள் திரும்பி நடந்தாள். “ஃபெஸா. அன்னிக்கு நான் வாசல்ல நின்னு சொன்னது... உனக்குக் கேட்டுச்சா?”

ஃபெஸா வாளியைப் பார்த்தாள். மூத்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டுச்சு.”

“அவனுங்க உங்கள விட்டுடணும்னுதான் அப்படி...”

“அது தெரியும் சிசி.”

“அப்ப சரி...”

“அவங்க கை தட்டினதும் கேட்டுச்சு.” ஃபெஸா இப்போது நிமிர்ந்தாள். “நீ சிரிச்சதும் கேட்டுச்சு.”

அந்தச் சிரிப்பு மாசிபியாவுக்கு நினைவே இல்லை. ஆனால் சொன்னதும் தன் குரலிலேயே கேட்டது. உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸின் பாட்டு அடுத்த வளைவில் தேய்ந்துகொண்டிருந்தது.

“சிரிச்சேன்” என்றாள். “ஆமா. சிரிச்சேன்.”

இல்லை என்று சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆமாம் என்று சொன்னதால் இரண்டு பேரும் அழ வேண்டியிருந்தது, அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் ஃபெஸாதான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

“ஓடு. ஆளெல்லாம் போயிட்டாங்க. ஓடு!”

நாலு நிமிஷம் போயிருந்தது. கையில் இருந்ததோ மூன்று.

அந்த எட்டு கிலோமீட்டரை அவள் எப்படி ஓடினாள் என்பதை மாட்டுத்தலைக் கறிக் கடைக்காரியின் தொலைக்காட்சியில் பார்த்த சந்தை இன்றைக்கும் சொல்லும். இருட்டிவிட்டது. ஓட்டம் முடிகிற விளையாட்டரங்கத்து விளக்குகள் எரிந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நின்றார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. பன்னிரண்டு மணி பஸ் பாடிக்கொண்டே உள்ளே போனது. பின்னால் சிதறியவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. கோட்டின் குறுக்கே ஆட்கள் கை கோத்து அடைத்தார்கள்.

மாசிபியா வந்தபோது நாற்பது விநாடி ஆகியிருந்தது. அடைத்து நின்ற கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, “மூடி ரொம்ப நேரமாச்சா?” என்று கேட்டாள், கடை வாசலில் கேட்பதுபோல.

அடுத்த நாள் விடியற்காலை லாரி வந்தபோது மாசிபியா வரிசையில் நின்றாள். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் துணி.

மாகோசா அவளைச் சுற்றி வந்து, கதிரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“கடைசி எட்டு கிலோமீட்டர்ல பஸ்ஸ விட்டுட்ட. என்னாச்சு? காலா, வயிறா?”

“நின்னு பேசிட்டேன்.”

“யார்கிட்ட?”

“ஃபெஸாகிட்ட.”

“பந்தயம் கட்டியிருக்கோம்னு தெரியும்ல? மூணு குடும்பத்து முன்பணம்னு நீதானே சொன்ன? என்ன அவ்வளவு அவசரமாப் பேச வேண்டியிருந்துச்சு?”

மாசிபியா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வேலியில் தள்ளியதை, வாசலில் சொன்னதை, கை தட்டலை, சிரிப்பை. இரண்டு மாதமாகத் தன்னைப்பற்றி இவர்கள் சொல்லிக்கொண்டிருந்த பெருமையை உரித்து நடுவில் வைத்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்றைக்குத் தங்கள் தெருவில் யார் கதவு தட்டப்பட்டது, தாங்கள் எந்த ஜன்னலை மூடினோம் என்பது இருபத்தொரு பேருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“சரி” என்றாள் மாகோசா. “தோத்துட்ட. முதல்ல என் பீப்பாய்.”

“தள்ளுறேன். விருந்து எப்ப?”

“என்ன விருந்து?”

“ஜெயிச்சவ தோத்தவளுக்கு வைக்கிறது. இருபத்தோரு பேர் ஜெயிச்சிருக்கீங்க. இருபத்தோரு விருந்து. மாட்டுத்தலைக் கறி, வயிற்றுக் கறி, ஆவியில வெந்த ரொட்டி. நான் தனியா வந்து சாப்பிடுற வழக்கமில்ல, கூட்டிட்டுத்தான் வருவேன். மைதானத்துல முந்நூறு பேர் இருக்காங்க.”

மாகோசாவுக்கு நிஜமாகவே வாய் பிளந்தது. “அடிப் பாவி! துப்பாக்கி வெடிக்கும்போதே இதை யோசிச்சுட்டியா?”

“பதினேழாவது கம்பத்துல யோசிச்சேன்.”

“நூறு ராண்ட் தரேன். விருந்தக் காசா வாங்கிக்க.”

“முந்நூறு பேருக்கு நூறு ராண்டா? தண்ணிகூடக் காட்ட முடியாது. நானூறு.”

“நானூறுன்னா நான் தோத்தே இருப்பேன்! நூத்தம்பது.”

பீப்பாய் வெந்து முடியும் வரைக்கும் பேரம் நடந்தது. ஆளுக்கு இருநூற்றைம்பதில் படிந்தது. இரண்டு குடும்பத்துக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் ஆயிற்று. மூன்றாவது குடும்பத்துக்கு இல்லை. மைதானத்தில் அவர்களே பேசி, கைக்குழந்தை இருக்கிற இரண்டு குடும்பங்கள் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். மிஞ்சியது ஃபெஸா.

மாசிபியா கூப்பிட ஆள் அனுப்பவில்லை. கூப்பிடுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாதப் பீப்பாய் பாக்கியை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கூடாரம் பிரிக்க மூன்று நாள் இருக்கும்போது, பாலத்து மேட்டில் அவள் வண்டிக்கு முன்னால் ஃபெஸா வந்து நின்றாள். கிழிந்த சிவப்புப் பாவாடையில் வேறு நிறத் துணியை ஒட்டுப்போட்டு, கையால் தைத்திருந்தாள்.

“ரூம் காலியா இருக்கா?”

“இருக்கு.”

“வாடகை?”

வேண்டாம், சும்மா இரு என்று சொல்ல மாசிபியாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சந்தையில் வளர்ந்த நாக்கு, நல்லவேளை, தானாகவே மடங்கியது. “அதே தொள்ளாயிரம்” என்றாள்.

“ஐந்நூறு.”

மாசிபியா வண்டியை விட்டுவிட்டாள். பின்னாலிருந்து மாகோசா ஓடிவந்து பீப்பாயைப் பிடித்தாள்.

“ஐந்நூறா? அது ரூமா, கோழிக்கூண்டா?”

“கோழி நனையாது சிசி. கூரை ஒழுகுது. மூணு வருஷமா ஒழுகுது.”

“மூணு வருஷமா நீ சொல்லவே இல்லையே!”

“இப்பச் சொல்றேன்.”

“எண்ணூறு. கூரைக்கு ஜோபேவை ஏத்துறேன்.”

“அறுநூறு.”

“எழுநூத்தம்பது. அதுக்குக் கீழ போனா அந்த மனுசன் என்னத் துரத்திடுவார்.”

“எழுநூறு” என்றாள் ஃபெஸா. “அப்புறம் பின்வேலியில ஒரு கதவு வேணும்.”

மேட்டில் டாக்சிகள் ஹாரன் அடித்தபடி அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.

“இனிமே அப்படி நடக்காது” என்று மாசிபியா சொல்லத் தொடங்கினாள்.

“நடக்காம இருக்கட்டும். கதவு இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஜோபே டாக்சியில் கூடாரத்துச் சாமான்களை ஏற்றிவந்தான். தெருவில் நாலு பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவனும் கை தட்டவில்லை, கல்லும் எடுக்கவில்லை. ஜோபே அவர்களுக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் கேட்டு, ஃபெஸாவிடம் தோற்று, இரண்டு கால் டிக்கெட்டுக்கு ஒத்துக்கொண்டான். சாயங்காலம் கொல்லையில் முள்கம்பியை வெட்டி, இரண்டு கம்பம் நட்டு, பழைய டாக்சிக் கதவின் தகரத்தை அடித்துப் பொருத்தினான். வெளுத்த துணித் துண்டு கம்பியோடு சேர்ந்து விழுந்தது. மாசிபியா அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

ஜோபே வாயில் இரண்டு ஆணியைக் கடித்துக்கொண்டு, தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். “இதை எங்க அடிக்கட்டும்? வீட்டு ஜன்னல்லேர்ந்து எட்டுற மாதிரி இந்தக் கம்பத்துலயா, ரூம் பக்கமா?”

மாசிபியா ஃபெஸாவைப் பார்த்தாள்.

ஃபெஸா அறை வாசலில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“என் பக்கம்.”